மூத்த பாயின்ட் கார்டும் முதல் சீசன் பையனும்

1976இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் ஆடிக்கொண்டிருந்த 33 வயது கெய்ல் குட்ரிச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1972இல் லேக்கர்ஸ் கோப்பை வென்றபோது அந்த அணியின் தூண்களில் ஒருவராக இருந்த கார்டு அவர். ஒப்பந்தம் முடிந்த வீரரை அழைத்துக்கொள்ளும் அணி பழைய அணிக்கு ஈடு தரவேண்டும் என்பது அன்றைய விதி. ஜாஸ் தந்த ஈட்டில் 1979ஆம் ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் இருந்தது. புது ஊருக்குப் போன முதல் சீசனிலேயே குட்ரிச் குதிகால் தசைநாண் காயத்தால் பெரும்பாலான ஆட்டங்களை இழந்தார். 1979இல் ஆட்டத்திலிருந்தே விலகினார். அந்த ஆண்டு ஜாஸ் கடைசி இடத்தில் முடித்தது. முதல் தேர்வு யாருக்கு என்று நாணயம் சுண்டியதில் லேக்கர்ஸ் வென்றது. ஜாஸ் விட்டுக்கொடுத்த உரிமை டிராஃப்டின் முதலிடம் ஆனது. அந்த இடத்தில் லேக்கர்ஸ் எடுத்த பையனின் பெயர் மேஜிக் ஜான்சன்.

வயதான கார்டுக்காக நாளையை விற்காதே என்று வாதிடும் கூடைப்பந்து ரசிகர்களுக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைக்காது. ஆனால் எதிர்த்தரப்பின் கையிலும் சாட்சிகள் உண்டு. 30 வயது ஆகிவிட்டது என்று அனுப்பப்பட்ட ஒரு கார்டு அடுத்த இரண்டு ஆண்டுகளும் என்பிஏவின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார். 38 வயதில் இன்னொருவர் கோப்பையைத் தூக்கினார். அதனால்தான் ஒவ்வொரு ஜூன் மாதமும் டிராஃப்ட் நெருங்கும்போது ஏதாவது ஓர் ஊரில் இந்தச் சண்டை புதிதாகத் தொடங்குகிறது. இருக்கிற மூத்த பாயின்ட் கார்டை நம்புவதா, புதிதாக எடுத்த பையனிடம் பந்தைக் கொடுப்பதா? ஐம்பது ஆண்டுச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இரண்டு தரப்பும் தவறான இடத்தில் நின்று வாதாடுகின்றன என்பது என் முடிவு. இரண்டு கார்டுகளை ஒப்பிடுவதிலேயே சண்டை முழுவதும் செலவாகிறது. களத்தில் நிற்கும் மற்ற நால்வரின் வயதை யாரும் கேட்பதில்லை.

இந்தச் சண்டை ஏன் பாயின்ட் கார்டு இடத்துக்கு மட்டும் இவ்வளவு சூடாக வருகிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். உயரமான சென்டர் ஒருவர் முதல் ஆண்டிலேயே பந்தைத் தடுக்கலாம், ரீபவுண்ட் எடுக்கலாம். உடலே பாதி வேலையைச் செய்துவிடும். பாயின்ட் கார்டின் வேலை அப்படியானதல்ல. 8 நொடிக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவரவேண்டும். 24 நொடிக்குள் ஓர் எறிதல் முடிந்தாகவேண்டும். அதற்கிடையில் நெடிய ஆட்டக்காரர் ஒருவர் வந்து ஸ்கிரீன் வைப்பார். அந்தக் கணத்தில் எதிரணியின் பெரியவர் பின்வாங்கி நிற்கிறாரா, மேலேறி வருகிறாரா, ஆளை மாற்றிக்கொள்கிறாரா என்று பார்த்து முடிவெடுக்கவேண்டும். மூலையில் நிற்கும் எறிதல்காரருக்குப் பந்து மார்பளவில் வரவேண்டுமா, இடது பக்கம் சற்றுத் தாழ்ந்து வரவேண்டுமா என்பதும் தெரிந்திருக்கவேண்டும். எந்த நடுவர் எதற்கு விசில் ஊதுவார், நான்கு நிமிடமாகப் பந்தே தொடாமல் யார் முகம் வாடிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் கூட அவர் கணக்கில்தான் வரும். இவற்றைக் கல்லூரியில் யாரும் முழுமையாகக் கற்றுத் தருவதில்லை. தோற்றுத் தோற்றுத்தான் வரும்.

எவ்வளவு காலம் ஆகும்? ஸ்டீவ் நாஷ் முதன்முதலாக ஆல்-ஸ்டார் ஆனது 2002இல், தன் ஆறாவது சீசனில். கைல் லௌரிக்கு அது ஒன்பதாவது சீசனில், 2015இல் வந்தது. சான்சி பில்லப்ஸுக்கு 2006இல், ஒன்பதாவது சீசனில். மைக் கான்லிக்கோ 2021இல், 33 வயதில். இவர்கள் நால்வரும் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். முதல் சீசன் முடிந்ததும் இவர்களைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருந்தால் நான்கு தீர்ப்பும் பிழையாகப் போயிருக்கும். நாஷை 1996இல் ஃபீனிக்ஸ் 15ஆவது இடத்தில் எடுத்தபோது அந்த ஊர் ரசிகர்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அணியில் கெவின் ஜான்சன் இருந்தார். சில மாதங்களில் ஜேசன் கிட்டும் வந்து சேர்ந்தார். மூன்றாவதாகக் கனடாவிலிருந்து வந்த மெலிந்த பையன் எதற்கு என்று அவர்கள் நினைத்ததில் அன்றைக்குத் தவறில்லை.

ரசிகர்களின் கூச்சலுக்கு டொராண்டோவும் ஒரு சாட்சி. 1995இல் புதிதாகப் பிறந்த ராப்டர்ஸ் அணி, பிற அணிகளிலிருந்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் விரிவாக்க டிராஃப்டில் முதல் ஆளாக பி. ஜே. ஆம்ஸ்ட்ராங்கை எடுத்தது. சிக்காகோவில் மூன்று கோப்பை வென்ற பாயின்ட் கார்டு. அவர் வர மறுத்துவிட்டார். அடுத்து, கல்லூரி டிராஃப்டில் ஏழாவது இடத்தில், ஆறடிக்கும் குறைந்த டேமன் ஸ்டௌடமயரின் பெயரை வாசித்தபோது அரங்கமே எதிர்த்துக் கத்தியது. அடுத்த ஆண்டு சிறந்த புதுமுக விருது அவருக்குத்தான்.

இந்தத் தகராறில் பணத்தின் பங்கைச் சொல்லாமல் போனால் பாதியை மறைத்ததாகும். 1994இல் முதலிடத்தில் தேர்வான க்ளென் ராபின்சன், ஓர் ஆட்டம்கூட ஆடுமுன் பத்து ஆண்டுகளுக்கு 6.8 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார். மறு ஆண்டே லீக் விதியை மாற்றியது. 1995இலிருந்து முதல் சுற்றுப் புதுமுகங்களுக்குச் சம்பளம் ஓர் அட்டவணைப்படிதான். அன்றிலிருந்து புதுமுகம் என்றால் மலிவு என்றும் பொருள். நல்ல மூத்த கார்டு அணியின் மொத்தச் சம்பள வரம்பில் மூன்றில் ஒரு பங்கை விழுங்குவார். 2023-24 சீசனில் வரம்பு சுமார் 13.6 கோடி டாலர். டேமியன் லில்லார்ட்டின் சம்பளம் அதில் 4.5 கோடிக்கும் மேல். அதே ஆண்டு மூன்றாவது இடத்தில் எடுக்கப்பட்ட பையனுக்கு ஒரு கோடிக்கும் குறைவு. ஆகவே ரசிகர் ஒருவர் பையனுக்கு வாய்ப்பு கொடுங்கள் என்று சொல்லும்போது, மிச்சமாகும் மூன்றரைக் கோடியில் வேறு இருவரை வாங்குங்கள் என்றும் சேர்த்தே சொல்கிறார். இது நியாயமான வாதம்தான். மிச்சப்பட்ட பணத்தில் உண்மையில் யார் வந்தார் என்பதைப் பிறகு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை.

பழைய வழக்குகளில் நியூயார்க்கினுடையது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மார்க் ஜாக்சனை 1987இல் 18ஆவது இடத்தில் எடுத்தார்கள். உள்ளூர்ப் பையன். முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம் ஆனார். மறு ஆண்டு 19ஆவது இடத்தில் ராட் ஸ்ட்ரிக்லண்டை எடுத்தார்கள். அவரும் பிராங்க்ஸில் வளர்ந்த உள்ளூர்ப் பையன். இரண்டு இளைஞர்கள், ஒரே இடம். ஊர் இரண்டாகப் பிரிந்தது. நிர்வாகம் 1990 பிப்ரவரியில் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. ஸ்ட்ரிக்லண்டை சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து, 1983இல் ஃபிலடெல்ஃபியாவோடு கோப்பை வென்ற 33 வயது மாரிஸ் சீக்ஸை வாங்கியது. சீக்ஸ் பெரிய ஆட்டக்காரர், அதில் ஐயமில்லை. ஆனால் ஸ்ட்ரிக்லண்ட் அதற்குப் பின் பதினைந்து ஆண்டு லீக்கில் ஆடினார். சீக்ஸ் நியூயார்க்கில் இரண்டு சீசன்கூட நிலைக்கவில்லை.

யூட்டா வேறு வழியில் போனது. 1984இல் 16ஆவது இடத்தில் கன்சாகா கல்லூரியிலிருந்து ஜான் ஸ்டாக்டனை எடுத்தபோது, அங்கே ரிக்கி கிரீன் என்ற மூத்தவர் அந்த ஆண்டுதான் ஆல்-ஸ்டார் ஆகியிருந்தார். ஸ்டாக்டன் மூன்று சீசன் பெரும்பாலும் கிரீனுக்குப் பின்னால் பெஞ்சிலிருந்து வந்தார். 1987-88இல்தான் அந்த இடம் முழுமையாக அவருக்குக் கிடைத்தது. பிறகு 2003 வரை விடவில்லை. 15,806 அசிஸ்ட், 3,265 ஸ்டீல். இரண்டு சாதனையும் அவர் பெயரில்தான் நிற்கின்றன. காத்திருந்ததால்தான் அவர் பெரியவரானார் என்று சொல்ல முடியாது. ஆனால் காத்திருந்ததால் அவருக்கு எதுவும் குறையவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். ஸ்டாக்டன் ஓய்வு பெற்றபின் 2005இல் மூன்றாவது இடத்தில் வந்த டெரான் வில்லியம்ஸையும் பயிற்சியாளர் ஜெர்ரி ஸ்லோன் தொடக்கத்தில் பெஞ்சில்தான் உட்காரவைத்தார். நான்காவது இடத்தில் போன கிறிஸ் பால் அதே நேரம் வேறோர் அணியில் சிறந்த புதுமுக விருதை நோக்கி ஓடிக்கொண்டிருந்ததால், யூட்டா ரசிகர்களுக்கு அது பெரும் வேதனையாக இருந்தது.

இனி டல்லாஸ். இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் ஒரே அணியில், ஒரே உரிமையாளரின் கீழ் நடந்தேறிய இடம் அது.

2004 கோடையில் நாஷுக்கு 30 வயது. முதுகு வலி உண்டு. ஃபீனிக்ஸ் ஆறு ஆண்டுக்கு 6.5 கோடி டாலர் அளவில் தரத் தயாராக இருந்தது. டல்லாஸ் உரிமையாளர் மார்க் கியூபன் அந்த அளவுக்குப் போகவில்லை. 30 தாண்டிய கார்டுக்கு ஆறு ஆண்டு என்பது அவருக்கு ஆபத்தாகப் பட்டது. அந்த டிராஃப்டில் ஐந்தாவது இடத்தில் தேர்வான, மின்னல் வேகக்காரரான டெவின் ஹாரிஸை ஏற்கெனவே வாங்கிவைத்திருந்தார்கள். கணக்கு எல்லாப் பக்கமும் பொருந்தியது. வயது, பணம், உடல்நிலை, எதிர்காலம்.

நாஷ் ஃபீனிக்ஸுக்குப் போனார். முந்தைய சீசனில் 29 வெற்றி பெற்றிருந்த அணி 62 வெற்றி பெற்றது. அதே சீசனிலிருந்து தடுப்பாட்டக்காரர் கையை வைத்து கார்டை நிறுத்துவதை லீக் கடுமையாகத் தடுக்கத் தொடங்கியதும் அவருக்குக் கைகொடுத்தது. 2005இலும் 2006இலும் லீக்கின் சிறந்த வீரர் நாஷ். 2005 பிளேஆஃபில் டல்லாஸை வீட்டுக்கு அனுப்பியவரும் அவரே.

இத்தோடு கதையை நிறுத்தினால் மூத்தவர் தரப்பு வென்றது போலத் தோன்றும். பலரும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் 2006இல் டல்லாஸ், ஹாரிஸின் கால் வேகத்தை நம்பி சான் அன்டோனியோவைத் தாண்டியது. அடுத்து நாஷின் ஃபீனிக்ஸையும் வென்று இறுதிச் சுற்றுக்குப் போனது. 2006-07இல் 67 வெற்றி. பையன் தோற்றுவிடவில்லை. நாஷோ ஒருமுறைகூட இறுதிச் சுற்றைப் பார்க்காமலேயே ஓய்வு பெற்றார். ஆக, 2004இன் முடிவு நாஷை அளந்ததில் பெரும் பிழை, ஹாரிஸை நம்பியதில் பிழையல்ல.

பிறகு 2008 பிப்ரவரியில் அதே கியூபன் ஹாரிஸையும் இரண்டு முதல் சுற்று உரிமைகளையும் கொடுத்து 34 வயது ஜேசன் கிட்டை வாங்கினார். அன்று கிளம்பிய எதிர்ப்பு 2004ஐவிடப் பெரியது. நான்கு ஆண்டுக்கு முன் 30 வயதுக்காரரை வேண்டாம் என்றவர் இப்போது 34 வயதுக்காரருக்காக 24 வயதுக்காரரைக் கொடுக்கிறாரே என்று கேட்டார்கள். மறு ஆண்டு ஹாரிஸ் ஆல்-ஸ்டார் ஆனதும் வசை இரட்டிப்பானது. 2011 ஜூனில் மயாமியை வீழ்த்தி டல்லாஸ் தன் முதல் கோப்பையை வென்றபோது பாயின்ட் கார்டு கிட். வயது 38.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அந்த அணியின் உயிர் டர்க் நோவிட்ஸ்கி. 2008இல் அவருக்கு 29 வயது. ஹாரிஸ் முழுமை அடையும்வரை காத்திருக்க அவரிடம் நாள் இல்லை. கிட் அப்போது வேகமாக ஓடவில்லை, நிறையப் புள்ளி எடுக்கவும் இல்லை. நோவிட்ஸ்கிக்கு எந்த இடத்தில் எந்த நொடியில் பந்து வேண்டுமோ அங்கே கொடுத்தார். பெரிய எதிராளிகளைத் தடுத்தார். இரண்டு கார்டுகளை மட்டும் தராசில் வைத்தவர்களுக்கு ஹாரிஸ்தான் கனமாகத் தெரிந்தார். நோவிட்ஸ்கியின் வயதைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே அந்த டிரேட் புரிந்தது.

ஒரே மனிதர் இந்தச் சண்டையின் எல்லாப் பக்கத்திலும் நின்ற கதையும் உண்டு. சான்சி பில்லப்ஸ் 1997இல் மூன்றாவது இடத்தில் பாஸ்டனுக்குத் தேர்வானார். பயிற்சியாளர் ரிக் பிட்டினோவுக்குப் பொறுமை இல்லை. 51 ஆட்டம் முடிந்ததும், முதல் சீசன் பாதியிலேயே, மூத்த கார்டு கென்னி ஆண்டர்சனுக்காக பில்லப்ஸைக் கொடுத்துவிட்டார். டொராண்டோ, டென்வர், ஆர்லாண்டோ, மினசோட்டா என்று அலைந்த பில்லப்ஸ், மினசோட்டாவில் டெரல் பிராண்டன் என்ற மூத்த கார்டுக்குப் பின்னால் ஆடியபோதுதான் தொழிலைக் கற்றார். 2002இல் டெட்ராய்ட். 2004இல் கோப்பை, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் பட்டம். ஆறு ஆண்டு தொடர்ந்து டெட்ராய்ட் கிழக்குப் பிரிவின் இறுதிக்குப் போனது.

2007 டிராஃப்டில் டெட்ராய்ட் 15ஆவது இடத்தில் ராட்னி ஸ்டக்கியை எடுத்தது. வலுவான உடல், வேகம். 2008 நவம்பரில், 32 வயது பில்லப்ஸை டென்வருக்கு அனுப்பி அலன் ஐவர்சனை வாங்கினார்கள். ஐவர்சனின் ஒப்பந்தம் முடிந்ததும் பணம் மிச்சமாகும், பாயின்ட் கார்டு இடம் ஸ்டக்கிக்கு வழிவிடும் என்பது திட்டம். அந்த சீசனில் டெட்ராய்ட் 39 வெற்றி, முதல் சுற்றிலேயே துடைத்தெறியப்பட்டது. பில்லப்ஸ் போய்ச் சேர்ந்த டென்வர் 54 வெற்றியோடு மேற்கின் இறுதிக்குப் போனது. டெட்ராய்ட் மறுபடி பிளேஆஃபைப் பார்த்தது 2016இல்தான்.

டெட்ராய்ட் செய்த பிழை ஸ்டக்கியை எடுத்தது அல்ல. ஸ்டக்கி நல்ல ஆட்டக்காரர். அணியில் மற்றவர்கள் அனைவரும் முப்பதை நெருங்கிய அல்லது தாண்டிய வயதில், உச்சத்தின் கடைசிப் படியில் இருக்கும்போது, அவர்களை நடத்திச் செல்லும் ஒருவரை மட்டும் உருவி எடுத்ததுதான் பிழை. பாஸ்டன் 1998இல் செய்தது இதன் மறுபக்கம். புதிதாகக் கட்டத் தொடங்கிய அணி, பக்கத்தில் ஆடுபவர்களும் இளைஞர்கள், அப்படிப்பட்ட இடத்தில் 21 வயதுக்காரரை விற்று 27 வயது ஆண்டர்சனை வாங்கியது. இரண்டு முறையும் பில்லப்ஸுக்கு அநீதி நடந்தது என்று நான் பேச வரவில்லை. இரண்டு முறையும் அணியின் வயதும் கார்டின் வயதும் ஒட்டவில்லை என்பதே என் வாதம்.

புள்ளிவிவரங்களுக்கு வருவோம். ரசிகர்கள் அதிகம் வீசும் ஆயுதம் அதுதான், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். ஃபிலடெல்ஃபியா 2013 டிராஃப்ட் இரவில், 22 வயதிலேயே ஆல்-ஸ்டார் ஆகியிருந்த ஜூரு ஹாலிடேயை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பியது. அன்றே 11ஆவது இடத்தில் மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸை எடுத்தது. அவருடைய முதல் ஆட்டம் நடப்புச் சாம்பியன் மயாமியுடன். 22 புள்ளி, 12 அசிஸ்ட், 9 ஸ்டீல், 7 ரீபவுண்ட். வெற்றி. ஊரே கொண்டாடியது. சீசன் முடிவில் சிறந்த புதுமுக விருதும் அவருக்கே. ஆனால் அந்த அணி 26 ஆட்டம் தொடர்ந்து தோற்று, 19 வெற்றியோடு முடித்தது. 2015 பிப்ரவரியில் அவரையே விற்றுவிட்டார்கள். தோற்கும் அணியில் பந்து எப்போதும் ஒருவர் கையில் இருந்தால் எண்கள் தானாக வரும். எறிந்ததில் எத்தனை உள்ளே போயிற்று, நான்காவது கால்பகுதியில் ஆட்டம் நெருக்கமாக இருக்கும்போது என்ன முடிவெடுத்தார் என்பதே பேசவேண்டிய விஷயம். ஹாலிடே பின்னாளில் மில்வாக்கியோடு 2021இலும் பாஸ்டனோடு 2024இலும் கோப்பை வென்றார்.

இதற்கு மாறான உதாரணத்தை மறைப்பது நேர்மையாகாது. 2008இல் வெறும் 1.7 விழுக்காடு வாய்ப்போடு டிராஃப்ட் குலுக்கலில் முதலிடம் பெற்ற சிக்காகோ, டெரிக் ரோஸை எடுத்தது. கிர்க் ஹைன்ரிக் என்ற நல்ல, நம்பகமான மூத்த கார்டு அங்கே இருந்தார். முதல் நாளிலிருந்தே ரோஸ் ஆடினார், ஹைன்ரிக் பெஞ்சுக்குப் போனார். அந்த சீசனிலேயே பிளேஆஃபில் நடப்புச் சாம்பியன் பாஸ்டனை ஏழாவது ஆட்டம்வரை இழுத்தார்கள். 2011இல், 22 வயதில், ரோஸ் லீக்கின் சிறந்த வீரர். மேஜிக் வந்தபோது லேக்கர்ஸில் நார்ம் நிக்சன் இருந்தார். இருவரும் சேர்ந்தே 1980, 1982 கோப்பைகளை வென்றார்கள். 1983இல்தான் நிக்சனை அனுப்பினார்கள். பிறவி மேதை வந்துவிட்டால் வாதமே தேவையில்லை. ஆனால் அப்படிப்பட்டவர் பத்தாண்டுக்கு ஓரிருவர்தான் வருகிறார்கள். டிராஃப்ட் இரவில் மட்டும் ஒவ்வோர் ஊருக்கும் ஒருவர் வந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

ரசிகரின் பாசம் இந்த வாதத்தில் ஒரு கட்சிக்காரர். அதை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. 2009இல் கோல்டன் ஸ்டேட் ஏழாவது இடத்தில் ஸ்டீபன் கரியை எடுத்தபோது, இத்தனை சிறிய உருவம் கொண்ட இருவர் சேர்ந்து ஆடி வெல்ல முடியாது என்று மான்டா எல்லிஸ் வெளிப்படையாகவே சொன்னார். எல்லிஸுக்கு அப்போது 23 வயதுதான், ஆனால் அணியின் முகம் அவர். 2012 மார்ச்சில், காயம்பட்டுக் கிடந்த ஆண்ட்ரூ போகட்டுக்காக எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பினார்கள். கரியும் அந்த சீசனில் கணுக்கால் காயத்தால் 26 ஆட்டம்தான் ஆடியிருந்தார். ஒரு வாரத்துக்குள், கிறிஸ் முல்லினின் சட்டை எண்ணுக்கு மரியாதை செய்யும் விழாவில், உரிமையாளர் ஜோ லேக்கப் பேச எழுந்தபோது அரங்கம் முழுவதும் கூச்சலிட்டு அவரைப் பேசவிடாமல் செய்தது. மூன்று ஆண்டில் கோப்பை வந்தது. பின்னால் நடந்ததைக் காட்டி அந்த ரசிகர்களைக் கேலி செய்பவர்களை நான் ஏற்கமாட்டேன். வெற்றியே இல்லாத ஆண்டுகளில் இரவுதோறும் தங்களுக்காக உழைத்தவரை அவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். அந்த மார்ச் மாதத்தில் கையில் இருந்த சான்றை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது அபத்தமும் அல்ல.

இந்த விஷயத்தை ஒழுங்காகக் கையாண்ட அணி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் சான் அன்டோனியோவைத்தான் காட்டுவேன். அங்கேயும் வழி மென்மையாக இல்லை. 2001இல் 28ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட பிரான்சு நாட்டு டோனி பார்க்கருக்கு வயது 19. முதல் தேர்வுப் பயிற்சியில் அவர் திணறியதைப் பார்த்துப் பயிற்சியாளர் கிரெக் பொப்பவிச் அவரைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டார். இரண்டாவது வாய்ப்பில்தான் தேறினார். சீசன் தொடங்கிச் சில ஆட்டங்களிலேயே மூத்தவரான அன்டோனியோ டேனியல்ஸின் இடம் பார்க்கருக்கு வந்தது. 2003இல் கோப்பை வென்ற அந்தக் கடைசி ஆட்டத்தின் நான்காவது கால்பகுதியில் பார்க்கர் பெஞ்சில் இருந்தார், ஆடியவர் ஸ்பீடி க்ளாக்ஸ்டன். போதாக்குறைக்கு அந்தக் கோடையில் அணி ஜேசன் கிட்டை அழைத்து வரவும் முயன்றது. கிட் வரவில்லை. 21 வயதுப் பையனுக்கு இது எத்தனை பெரிய அவமானம் என்று நினைத்துப் பாருங்கள். பார்க்கர் தங்கினார், உழைத்தார். 2007இல் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர். மொத்தம் நான்கு கோப்பை.

2018 ஜனவரியில் அதே பார்க்கர், 35 வயதில், தொடை தசைநாண் கிழிந்து மீண்டு வந்த நிலையில், 2016இல் 29ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட டெஜான்டே மரேயிடம் தன் இடத்தைக் கொடுத்தார். அணிக்கு நல்லதென்றால் பையனுக்கு உதவத் தயார் என்று வெளிப்படையாகச் சொன்னார். முணுமுணுப்பு இல்லை. ஆனால் அந்தக் கோடையில் பார்க்கர் ஷார்லட்டுக்குப் போய்விட்டார். அக்டோபரில் மரேயின் முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசன் முழுதும் அவர் ஆடவில்லை. மூத்தவரும் இல்லை, இளையவரும் இல்லை. ஒழுங்காகக் கைமாற்றிய அணிக்கே இந்த நிலை என்றால், இந்த இடத்தில் இரண்டு பேரையும் சில காலம் வைத்திருப்பது வீண் செலவு என்று சொல்பவர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

கடைசியாகப் போர்ட்லாண்ட். இன்றைக்கும் முடியாத வழக்கு.

லில்லார்ட் 2012இல் ஆறாவது இடத்தில் தேர்வாகி, ஒருமனதாகச் சிறந்த புதுமுகமானவர். 2019 பிளேஆஃபில் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிராக 37 அடி தூரத்திலிருந்து கடைசி நொடியில் எறிந்து தொடரையே முடித்தவர். பதினொரு சீசன் அந்தச் சிறிய ஊரை விட்டுப் போகாதவர். 2023 பிப்ரவரியில் ஹூஸ்டனுக்கு எதிராக 71 புள்ளி எடுத்தபோது அவருக்கு 32 வயது. அந்த ஆண்டு குலுக்கலில் போர்ட்லாண்டுக்கு மூன்றாவது இடம் விழுந்தது. அந்த இடத்தை விற்று லில்லார்ட்டுக்குத் துணையாக ஒரு பெரிய வீரரை வாங்கவேண்டும் என்றனர் ஒரு சாரார். 19 வயது ஸ்கூட் ஹெண்டர்சனை எடுக்கவேண்டும் என்றனர் மறு சாரார். இளைஞர்களை வளர்க்கும் அணியில் தன் கடைசி நல்ல ஆண்டுகளைச் செலவிட விருப்பமில்லை என்று லில்லார்ட் முன்பே சொல்லியிருந்தார். நிர்வாகம் ஹெண்டர்சனை எடுத்தது. ஜூலை முதல் நாள் லில்லார்ட் டிரேட் கேட்டார். செப்டம்பரில் மில்வாக்கிக்குப் போனார். அந்தப் பேரத்தில் போர்ட்லாண்டுக்கு வந்த ஹாலிடே சில நாளில் பாஸ்டனுக்குக் கைமாற்றப்பட்டார்.

ஹெண்டர்சனின் முதல் சீசன் கடினமாக இருந்தது. சராசரி 14 புள்ளி, எறிந்ததில் 38.5 விழுக்காடுதான் உள்ளே போயிற்று, நிறைய டர்ன்ஓவர். அணிக்கு 21 வெற்றி. லில்லார்ட்டின் முதல் சீசனில் 19 புள்ளி, 6.5 அசிஸ்ட் என்று பழையதைத் தோண்டி எடுத்துப் பையனைத் தாக்கினார்கள். இந்த ஒப்பீட்டில் பெரிய ஓட்டை இருக்கிறது. நான்கு ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டு லில்லார்ட் லீக்குக்கு வந்தபோது அவருக்கு 22 வயது. ஹெண்டர்சன் 19இல் வந்தார். லில்லார்ட் முதல் சீசன் ஆடிய வயதை ஹெண்டர்சன் தன் மூன்றாவது சீசனில்தான் எட்டுகிறார். ஸ்டாக்டனும் நாஷும் வந்தபோதுகூட 22 வயதுக்காரர்கள். இன்றைய புதுமுகங்களைப் பழையவர்களோடு சீசன் கணக்கில் ஒப்பிடுவதை விட்டு வயதுக் கணக்கில் ஒப்பிட்டால், இந்த விவாதத்தில் பாதிச் சூடு தணிந்துவிடும்.

மில்வாக்கியிலும் லில்லார்ட்டுக்குக் கோப்பை வரவில்லை. 2025 ஏப்ரலில் இண்டியானாவுக்கு எதிரான ஆட்டத்தில் குதிகால் தசைநாண் கிழிந்தது. மில்வாக்கி அவரை விடுவித்தது. ஜூலையில் மூன்று ஆண்டுக்கு 4.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அவர் போர்ட்லாண்டுக்கே திரும்பினார். அதே கோடையில் 35 வயது ஹாலிடேயையும் போர்ட்லாண்ட் பாஸ்டனிலிருந்து மீண்டும் வாங்கியது. முன்பு எதிரெதிராக வைத்துப் பேசப்பட்ட மூன்று பேரும் இப்போது ஒரே பட்டியலில். லில்லார்ட் திரும்பி ஆடும்போது 36 வயதை எட்டியிருப்பார்.

அந்த அணியின் மற்றவர்களைப் பாருங்கள். ஷேடன் ஷார்ப், டோனோவன் க்ளிங்கன், டேனி அவ்டியா, டுமானி கமாரா என எல்லோரும் இருபதுகளில் இருப்பவர்கள். 2024-25இல் 36 வெற்றி பெற்ற, ஏறிக்கொண்டிருக்கும் அணி. இவர்களுடைய காலமும் ஹெண்டர்சனின் காலமும் ஒன்று. ஆகவே என் தீர்ப்பு இது. உடல் ஒத்துழைக்கும் ஒவ்வொரு நாளும் பந்து ஹெண்டர்சன் கையில் இருக்கவேண்டும், தவறு செய்தாலும். ஹாலிடே அவர் பக்கத்தில் நின்று தடுப்பாட்டம் கற்றுத் தரட்டும். லில்லார்ட் திரும்பும்போது, ஊர் எழுந்து நின்று கைதட்டிய பிறகு, பெஞ்சிலிருந்து வரட்டும். ஹெண்டர்சனுக்கு 24 வயது ஆகும்வரை அவரை விற்பது பற்றிய பேச்சே எழக்கூடாது. அவருக்கு 24 முடிவது 2028 பிப்ரவரியில்.